29 நிரை, 841 முளை: மணி அடுக்கிப் படம் செய்வது எப்படி?

பிளாஸ்டிக் மணி அடுக்கிப் படம் செய்யும் பழக்கம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கமும் பரவிவிட்டது. விடுமுறை நாளில் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் முள் முள்ளாக ஒரு பலகையும், அதைச் சுற்றி நிறம் நிறமாக மணிகளும் கிடக்கின்றன. பரவிய வேகத்தில் அதைப் பற்றிய பேச்சும் கலங்கிப் போயிருக்கிறது. "சின்னப் பிள்ளைங்க விளையாட்டுச் சாமான்" என்கிறார் ஒருவர். "நம்ம புள்ளிக் கோலந்தான், பிளாஸ்டிக்குல வந்திருக்கு" என்கிறார் இன்னொருவர். "போட்டோவ ஆப்புல போட்டா அதுவே கணக்குப் பண்ணிக் குடுத்துடும், நாம அடுக்குனா போதும்" என்பாரும் உண்டு.

எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பி உட்கார்ந்தவர்கள் ஒரு படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கடையில் வாங்கிய மாதிரியைப் பார்த்து ஒரு பூனை செய்வார்கள், பிறகு பெட்டி பரண் மேல் போய்விடும். எனக்கு அது வருத்தம். எல்பில், ஹேவூட், டோவன்பி என்று ரப்பர் தோட்டத்துப் பெயர் சொல்லியே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்கள் நினைவில் இருக்கும் பொருள்களைக் கையால் செய்து சுவரில் மாட்ட இவ்வளவு எளிய வழி கிடைத்திருக்கும்போது, அது பூனையோடு நின்றுவிடக் கூடாது. ஆகவே அடியிலிருந்து தொடங்குகிறேன். ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

## மணியும் பலகையும்

இந்த மணிக்குக் கடையில் ஃபியூஸ் பீட்ஸ் என்று பெயர். ஹாமா, பெர்லர், ஆர்ட்கல் என்று அதைச் செய்யும் நிறுவனங்களின் பெயராலும் கேட்பார்கள். உருண்டை மணி இல்லை இது. உறிஞ்சுகுழாயைத் துண்டு துண்டாக நறுக்கியது போன்ற வடிவம், நடுவில் துளை. வழக்கமான அளவு 5 மில்லிமீட்டர். அதில் பாதியளவான மினி மணியும் உண்டு. அதை இடுக்கி வைத்துத்தான் எடுக்க வேண்டும், தொடங்குபவருக்குத் தேவையில்லை.

மணியைச் செருகி நிறுத்தும் பலகைக்கு முளைப்பலகை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதில் நீட்டி நிற்கும் ஒவ்வொரு முள்ளும் ஒரு முளை. பெரிய சதுரப் பலகையில் ஒரு நிரைக்கு 29 முளை, அப்படி 29 நிரை. மொத்தம் 841. ஒவ்வொரு மணியும் 5 மில்லிமீட்டர் என்பதால் பலகையை நிரப்பினால் படம் ஏறக்குறைய பதினாலரை சென்டிமீட்டர் சதுரமாக வரும். அடுக்கி முடித்த பின் மேலே தாள் வைத்து இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகிவிடும். பசை கிடையாது.

விளையாட்டுச் சாமான் என்ற பேச்சுக்கு இங்கேயே ஒரு பதில் சொல்லிவிடலாம். இந்த மணியை 1950களின் இறுதி, 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் சுவீடனின் வெல்லிங்கே ஊரைச் சேர்ந்த குன்னார் க்னூட்சன். அவர் முதலில் மனத்தில் வைத்திருந்தது முதியவர்களை. விரல்களுக்கும் மனத்துக்கும் பயிற்சி தரும் கைவேலையாகத்தான் அது தொடங்கியது. பிள்ளைகள் கைக்கு அது பிறகுதான் போனது. பாட்டி தாத்தாவை மேசைக்குக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

தண்ணீர் தெளித்தால் ஒட்டிக்கொள்ளும் மணி ஒன்றும் கடையில் கிடைக்கும். அது வேறு சரக்கு. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு இஸ்திரி போடாதீர்கள்.

## புள்ளிக் கோலத்தோடு வைத்துப் பார்த்தால்

கோலம் என்று சொல்பவர் தப்பாகச் சொல்லவில்லை. முதலில் புள்ளி வைக்கிறோம், நிரையை எண்ணுகிறோம், இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கமும் போடுகிறோம், ஒரு புள்ளி தவறினால் கடைசியில் மூலை பொருந்தாது. முளைப்பலகையில் உட்காரும்போது இந்த எண்ணும் பழக்கம் அப்படியே உதவுகிறது. வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய அம்மாக்கள் மணியை அடுக்கும்போது பெரும்பாலும் எண்ணிக்கை பிசகுவதில்லை.

ஆனால் கோலத்தில் புள்ளி துணைக்கு நிற்பது, படத்தைத் தருவது கம்பி. புள்ளியைச் சுற்றி வளைந்து ஓடும் கோட்டை எங்கே வேண்டுமானாலும் வளைக்கலாம், கொஞ்சம் நகர்த்தலாம், தடிமனாக்கலாம். மணிப் பலகையில் கம்பியே கிடையாது. புள்ளி மட்டும்தான். ஒரு முளையில் ஒரு மணி, ஒரு மணிக்கு ஒரு நிறம். பாதி சிவப்பு பாதி வெள்ளை என்று வைக்க முடியாது. இரண்டு முளைக்கு நடுவே எதுவும் வைக்க முடியாது. வளைவு வேண்டுமென்றால் அதையும் இந்தச் சதுர இடங்களை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

கோலம் போடத் தெரிந்தவர்கள்கூட இங்கே முதல் படத்தில் திணறுவது இதனால்தான். அவர்கள் கை கோட்டைத் தேடுகிறது.

## பிக்சல் என்றால்

ஒரு படத்தைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு நிறம் கொடுத்தால் அந்தக் கட்டத்துக்குப் பெயர் பிக்சல். உங்கள் கைப்பேசித் திரை, தொலைக்காட்சி எல்லாம் இப்படித்தான் படம் காட்டுகின்றன. கட்டங்கள் மிகச் சிறியவை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

1957இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்ற பொறியாளர் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். அந்தப் படம் 176க்கு 176 கட்டம், அவ்வளவுதான். பிக்சல் என்ற சொல் அச்சில் வந்தது அதற்கும் பிறகு, 1965இல்.

கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும்படி, எண்ணக்கூடிய அளவில் வைத்து, ஒவ்வொன்றையும் ஒருவர் யோசித்து வைத்த படமே பிக்சல் ஓவியம். 'யோசித்து வைத்த' என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரு புகைப்படத்தைக் கட்டம் கட்டமாகக் கலங்கவைத்தால் அது பிக்சல் ஓவியம் ஆகிவிடாது.

இந்தக் கலை பழைய வீடியோ விளையாட்டுகளிலிருந்து வந்தது. அங்கே அது அழகுக்காகத் தொடங்கியதல்ல, இடப் பற்றாக்குறையால் வந்தது. ஜப்பானில் 1983இல் வந்த ஃபாமிகாம் வீடியோ விளையாட்டுப் பெட்டியில் உருவங்களை எட்டுக்கு எட்டுக் கட்டத் துண்டுகளாகவே சேமிக்க முடியும். ஓர் உருவத்துண்டுக்கு மூன்றே நிறம். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும்.

இந்த நெருக்கடிக்குள் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. மாரியோ உருவத்தை வரைந்த ஷிகெரு மியாமோட்டோ அவருக்குத் தொப்பி வைத்தது ஏன்? அந்தச் சில கட்டங்களில் தலைமுடியை ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. மீசை ஏன்? வாயைக் காட்ட இடமில்லை, மீசை வைத்தால் மூக்கு எடுப்பாகத் தெரியும். தோளில் மாட்டும் பட்டையோடு வரும் கால்சட்டை ஏன்? கை அசைவது தனியாகத் தெரிய வேண்டும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ளும் முகம் இப்படி எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவு எடுத்ததால் பிறந்தது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே வடிவம்தான், நிறம் மட்டும் வேறு.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: மணி ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம், கட்டங்கள் குறைவு. குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றிலும் என்ன வைப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

## பழைய நினைவு இதில் எப்படி வருகிறது

தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் மைக்ரோ ஜீனியஸ் பெட்டியைத் தொலைக்காட்சியில் சொருகி விளையாடியவர்கள். ஃபாமிகாமைப் பார்த்து தைவானில் செய்த பெட்டி அது. 1996இல் ஜப்பானில் தொடங்கிய தாமகோச்சி என்ற கையடக்க விளையாட்டுப் பொருளின் திரை 32க்கு 16 கட்டம். 512 கட்டத்துக்குள் ஒரு குஞ்சு பசித்து அழுதது, தூங்கியது. நோக்கியா 3310 கைப்பேசியின் திரை 84க்கு 48. அந்த வயதுக்காரர்களுக்குக் கட்டம் கட்டமான படத்தைப் பார்த்தாலே பழைய வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்துவிடும்.

ஆனால் கட்டப் படம் நினைவைத் தொடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது எந்த வயதுக்கும் பொருந்தும். விவரம் குறைவாக உள்ள படத்தைப் பார்க்கும்போது மீதியை நாம் நிரப்பிக்கொள்கிறோம். தகரக் கூரையும், ஒரு படியும், ஒரு கதவும் உள்ள ஒரு கட்ட வீட்டைச் செய்து வைத்தால் ஒவ்வொருவரும் தம் தோட்டத்து லயத்தைத்தான் அதில் பார்ப்பார்கள். புகைப்படம் எடுத்து மாட்டியிருந்தால் அது இன்னார் வீடு என்று ஆகியிருக்கும்.

அதனால்தான் மாரியோவை மட்டும் செய்துகொண்டிருக்காதீர்கள் என்கிறேன். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கும் இரண்டு பால் வாளி, பால்வெட்டுத் தொழிலாளி நெற்றியில் கட்டிய விளக்கு, ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள், முனீஸ்வரர் கோயில் வேல். இவையெல்லாம் 29க்கு 29க்குள் நன்றாக அடங்கும்.

## ஆப்பில் போட்டால் என்ன நடக்கிறது

புகைப்படத்தைக் கொடுத்தால் மணி மாதிரியாக மாற்றித் தரும் ஆப்புகள் பல உள்ளன. அவை செய்வது இதுதான். கைப்பேசிப் படம் ஒன்றில் ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 841 மணிக்குள் அடக்க வேண்டுமென்றால் சுமார் 14,000 பிக்சலுக்கு ஒரு மணிதான். பெரும்பாலான ஆப்புகள் அந்த 14,000 நிறத்துக்கும் சராசரி கண்டுபிடித்து, அதற்கு நெருக்கமான மணியின் நிறத்தைச் சொல்கின்றன.

சராசரியில் பெரும்பான்மைதான் ஜெயிக்கும். பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, படம் எடுத்தால் வெட்டுக் காயத்தில் ஓடும் வெள்ளைப் பால் சில மில்லிமீட்டர் அகலம்தான். சுற்றிலும் பட்டை. 14,000 பிக்சலில் சில நூறு மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் பழுப்பு. சராசரி எடுத்தால் கொஞ்சம் வெளுத்த பழுப்பு வரும். பால் காணாமல் போய்விடும்! பால்மரத்தில் பாலை விட்டுவிட்டால் மிச்சம் ஏதோ ஒரு மரம்.

ஆப்பு கெட்டது என்று சொல்லவில்லை. நிறக் கணக்குப் பார்க்க, எத்தனை மணி வாங்குவது என்று எண்ண, அது உதவும். எது முக்கியம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

## ஒரு பால்மரத்தைக் கட்டுவோம்

கணக்குப் பாடத்துக்கு வாங்கும் கட்டம் போட்ட நோட்டில் 29க்கு 29 சதுரம் பிரித்துக்கொள்ளுங்கள். பென்சில் போதும்.

அடிமரத்துக்கு 14 கட்ட அகலம், மேலிருந்து கீழ்வரை 29 நிரை. 406 மணி. இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒவ்வொரு கட்டத்தை அடர் பழுப்பாக்குங்கள், நடுவே 12 கட்டம் நடுத்தரப் பழுப்பு. ஓரம் மட்டும் இருண்டதும் தட்டையாக இருந்த மரம் உருளையாகத் தோன்றத் தொடங்கும். நிழல் என்பது இவ்வளவுதான்: ஒரே நிறத்தின் அடர்ந்த மணியை வெளிச்சம் குறைவான பக்கத்தில் வைப்பது.

அடுத்து வெட்டு. இங்கே கட்டக் கலையின் மிகப் பழைய விதி ஒன்று வருகிறது. சாய்கோட்டைக் கட்டத்தில் போட்டால் படிக்கட்டாகத்தான் வரும். அந்தப் படிகள் ஒரே அளவில் இருந்தால் கண் அதைக் கோடாக ஏற்றுக்கொள்ளும். ஒரு படி இரண்டு கட்டம், அடுத்தது மூன்று, பிறகு ஒன்று என்று மாறி மாறி வந்தால் உடைந்த கோடாகத் தெரியும். மிகவும் அழகாக அமைவது இரண்டு கட்டம் போய் ஒரு கட்டம் இறங்கும் கோடு. அதன் சாய்வு சுமார் 26.5 டிகிரி. பால்மரத்து வெட்டின் சாய்வோ 25 முதல் 30 டிகிரி வரை! இதைக் கட்ட நோட்டில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நம் ஊர் மரத்தின் காயம் பிக்சல் ஓவியத்தின் மிகச் சுத்தமான சாய்கோட்டோடு கிட்டத்தட்டப் பொருந்திப் போகிறது.

நடுவிலுள்ள 12 கட்டத்துக்கும் இரண்டு இரண்டாகப் போனால் ஆறு படி. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் இறங்க வேண்டும். பால் குழாய்கள் மரத்துக்குள் நேர்க்குத்தாக ஏறுவதில்லை, கீழே இடமிருந்து மேலே வலமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அதற்குக் குறுக்காக, இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். வீட்டில் பால் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இந்தப் பகுதியை அவர்களையே வரையச் சொல்லுங்கள். கையை உயர்த்திக் காற்றிலேயே வெட்டிக் காட்டுவார்கள்.

அந்த ஆறு படிக்கும் வெள்ளை மணி. கணக்குப்படி பார்த்தால் இது பொய். பால் வெட்டத் தகுதியான மரத்துக்குச் சுற்றளவு அரை மீட்டராவது இருக்கும், குறுக்களவு 16 சென்டிமீட்டர் வரும், ஆக ஒரு மணி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறிக்கிறது. பால் ஓடும் கீற்றோ அதில் பாதிகூட இல்லை. இருந்தாலும் வெள்ளைதான் வைக்க வேண்டும். மரத்தைப் பார்த்தவர் நினைவில் நிற்பது அந்த வெள்ளைக் கீற்று. ஆப்பு விட்டதை நாம் பிடித்துவைக்கிறோம்.

வெட்டுக்கு மேலே ஏற்கெனவே சீவிய பட்டை, அதற்கு வெளிர் பழுப்பு ஏழெட்டு நிரை. வெட்டின் வலது முனையிலிருந்து நேராகக் கீழே மூன்று வெள்ளை மணி. அதன் அடியில் பால் விழும் கிண்ணமான மங்கு: மேலே ஆறு கட்டம், கீழே நான்கு கட்டம், உயரம் நான்கு நிரை. மங்கின் வாய்ப்பக்கம் நடுவில் இரண்டு வெள்ளை. மங்கைத் தாங்கும் கம்பிக்கு மரத்தின் குறுக்கே ஒரு சாம்பல் நிரை. மொத்தம் ஆறு நிறம் போதும்.

மூன்று பழுப்பு கிடைக்காமல் இரண்டுதான் கிடைத்தால் ஒரு வழி உண்டு. இரண்டையும் சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்று வைத்தால் தள்ளி நின்று பார்க்கும்போது நடுநிறமாகத் தெரியும். இதற்கு டிதரிங் என்று பெயர். மணி பெரியதாக இருப்பதால் கொஞ்சம் தூரம் தேவைப்படும்.

ஆக, வேலையின் பெரும்பகுதி நோட்டில் முடிந்துவிடுகிறது. ஓரத்து நிழல், ஒரே அளவான படி, நினைவில் நிற்பதைப் பெரிதாக்குவது. இந்த மூன்றும் கைவந்தால் எந்தப் பொருளையும் கட்டத்துக்குள் கொண்டுவரலாம்.

## மூலையில் மட்டும் தொட்டால் உதிரும்

திரையில் இல்லாத ஒரு கட்டுப்பாடு மணியில் உண்டு. பக்கத்துப் பக்கத்து முளையில் இருக்கும் மணிகள் உரசிக்கொண்டு நிற்கும். குறுக்காக, மூலைக்கு மூலை இருக்கும் மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 7 மில்லிமீட்டர் தூரம். மணியின் அகலம் 5. ஆக நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. சூடு காட்டினாலும் அவை சரியாக ஒட்டாது.

அடிமரம் போல நிரம்பிய படத்தில் இது பிரச்சினை இல்லை. கிளையோ, பட்டத்தின் வாலோ, மெல்லிய சாய்கோடோ தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு படியும் அடுத்த படியைப் பக்கவாட்டில் தொடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு மணி கூடுதலாக வையுங்கள், அல்லது பின்னணியை வானநிறத்தால் நிரப்பிவிடுங்கள்.

## சூட்டில் என்ன நடக்கிறது

இந்த மணி பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். கடைக்காரர் சாமான் போட்டுத் தரும் பிளாஸ்டிக் பை எதனால் ஆனதோ அதே இனம். மிக நீளமான சங்கிலி போன்ற மூலக்கூறுகள் பின்னிக் கிடப்பதுதான் பாலிஎத்திலீன். குளிர்ந்திருக்கும்போது சங்கிலிகள் அசையாமல் கிடக்கும். சுமார் 110 டிகிரிச் சூட்டில் இளகி ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மணியின் சங்கிலிகள் எல்லை தாண்டிப் பின்னிக்கொள்ளும். ஆறியதும் அப்படியே இறுகிவிடும். அதுதான் ஒட்டு. இப்படிச் சூட்டில் இளகி, ஆறி இறுகி, மறுபடியும் இளகக்கூடியதைத் தெர்மோபிளாஸ்டிக் என்பார்கள்.

ரப்பர் ஊரில் இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: ரப்பரும் நீளச் சங்கிலிதானே, லாரி டயரை இஸ்திரி போட்டால் ஒட்டுமா? ஒட்டாது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த முறைப்படி ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும்போது சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது. அதன் பிறகு சங்கிலிகள் வழுக்க முடியாது. சூடு அதிகமானால் கருகுமே ஒழிய உருகாது. மணியில் அந்தப் பாலம் இல்லை.

இது புரிந்தால் இஸ்திரி வேலை எளிது. பெட்டியில் உள்ள புள்ளிக் குறிகளைப் பாருங்கள். துணிப் பராமரிப்பு அடையாளங்களில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு சுமார் 150, மூன்று சுமார் 200 வரை. இடையில் தாள் இருப்பதால் ஒரு புள்ளிச் சூடு எட்டாது, மூன்று புள்ளி மணியைக் கூழாக்கும். இரண்டு புள்ளியில் வையுங்கள். நீராவி வேண்டாம், அது தாளை ஈரமாக்கிச் சூட்டைச் சீரில்லாமல் செய்யும். மேலே வைக்க கேக் செய்யும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் வேண்டும். மெழுகு பூசிய தாள் ஆகாது, மெழுகு உருகி மணியில் ஒட்டும். அழுத்தாமல் மெல்ல வட்டமாகத் தேயுங்கள். ஓர் இடத்தில் பெட்டியை நிறுத்தாதீர்கள். தாளின் வழியாக மணியின் விளிம்புகள் ஒரே சீராக மின்னத் தொடங்கியதும் எடுத்துவிடலாம். துளை பாதி மூடியிருந்தால் உறுதியும் இருக்கும், கட்டமும் தெரியும். முழுவதும் மூடினால் வழவழப்பான தகடு கிடைக்கும், ஆனால் ஓரங்கள் மழுங்கும். எனக்குத் துளை தெரிவதுதான் பிடிக்கும்.

சன்னலைத் திறந்து வையுங்கள். பெட்டியைப் பிடிப்பது பெரியவர் வேலை. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் ஒரு மணிகூடத் தரையில் கிடக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

பலரும் கேட்பது, படம் ஏன் அப்பளம் போல வளைகிறது என்று. பாலிஎத்திலீன் ஆறும்போது சங்கிலிகள் நெருங்கி அடங்குவதால் சுருங்கும். சூடு பட்ட பக்கம் அதிகமாகச் சுருங்கும், மறுபக்கம் சும்மா இருக்கும், அதனால் வளைகிறது. இரண்டு பக்கமும் சூடு காட்டி, தாளோடு சேர்த்துத் தட்டையான கனத்த புத்தகங்களின் கீழ் ஆறும்வரை வைத்தால் நேராக நிற்கும்.

முளைப்பலகையும் பிளாஸ்டிக்தான் என்பதால் அதுவும் நாளடைவில் வளையும். அதைக் காப்பாற்ற, அடுக்கிய மணிகளின் மேல் அகலமான மாஸ்கிங் டேப்பை வரிசையாக ஒட்டி, எல்லாவற்றையும் கவிழ்த்து, பலகையை மெதுவாகத் தூக்கிவிடுங்கள். மணிகள் டேப்பில் நிற்கும். அடிப்பக்கத்தை முதலில் இஸ்திரி போட்டு, ஆறிய பின் டேப்பை உரித்து மேல்பக்கத்தை லேசாகப் போடலாம்.

## எந்தப் பக்கம் முகம்

கவிழ்க்கும்போது கவனம். பலகையில் அடுக்கியபோது நீங்கள் பார்த்த பக்கம் ஒன்று, அதன் பின்பக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும். பூனைக்கு இது பொருட்டே இல்லை. பால்மரத்தைப் பின்பக்கமாக மாட்டினால் வெட்டு வலது மேலிருந்து இடது கீழாக ஓடும். பால் வெட்டியவர் எவரும் வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவார். பின்பக்கத்தை முகமாக வைக்க விரும்பினால் நோட்டிலேயே இடவலம் மாற்றி வரைந்துகொள்ளுங்கள்.

எழுத்துக்கும் இதுதான். படத்தின் அடியில் தோட்டத்தின் பெயரையோ பாட்டியின் பெயரையோ வைக்க ஆசை வரும், வையுங்கள். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள் ஐந்து கட்ட அகலத்தில் உட்காரும். ண, ஞ, இ போன்றவற்றுக்குச் சுழி தெரிய அதைப்போல இரு மடங்கு இடம் விடுங்கள். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும்: மேலே புள்ளியும் இகர வளைவும், கீழே உகரக் கால். ஏழு நிரை உயர எழுத்துக்கு மேலே மூன்று நிரை, கீழே மூன்று நிரை ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது. மெய்யெழுத்தின் புள்ளி எதையும் தொடாமல் தனியாக நிற்கும் ஒற்றை மணி என்பதால், எழுத்தைச் சுற்றிப் பின்னணி மணிகளை நிரப்பிவிடுங்கள். இல்லையென்றால் டேப்பை உரிக்கும்போது எல்பில் தோட்டத்தின் புள்ளி இரண்டும் டேப்போடு போய்விடும்.